வியூ கேமராவுக்கு மென்பொருள் மாற்றன்று

கட்டடங்களையும் கோயில்களையும் ஓவியங்களையும் தொழில்முறையில் படமெடுப்போரிடையே, பெங்களூருவிலும் பிற நகரங்களிலும், ஏறத்தாழ முடிந்த முடிவாகக் கொள்ளப்படும் கருத்து, வியூ கேமராவின் காலம் ஃபிலிமோடு முடிந்துவிட்டது என்பதாகும். வியூ கேமரா என்பது லென்ஸை ஒரு சட்டத்திலும் படத்தளத்தை மற்றொரு சட்டத்திலும் தாங்கி, இரண்டையும் மடிப்புத் துருத்தியால் இணைத்த கருவி; ஒரு சட்டத்தை அசைக்காமலே மற்றதை உயர்த்தவும் நகர்த்தவும் சாய்க்கவும் முடியும். அதன் பின்சட்டத்தில், 4×5 அங்குல ஃபிலிம் இருந்த இடத்தில் பொருத்தப்படும் மின்னணுப் பதிவுக் கருவியே டிஜிட்டல் பேக். இவ்விணைப்பு வீண் என்போர் மூன்று காரணங்கள் கூறுகின்றனர்: சாய்ந்து தெரியும் சுவர்களை மென்பொருள் நிமிர்த்திவிடுகிறது, பல படங்களை அடுக்கினால் முன்னும் பின்னும் ஒருங்கே தெளிவு கிடைத்துவிடுகிறது, சென்சார் ஃபிலிமைவிட மிகச் சிறியதாகையால் பெரிய கருவிக்குத் தேவையில்லை. மூன்றிலும் ஓரளவு உண்மை கலந்திருப்பதால்தான் முடிவு எளிதில் ஏற்கப்படுகிறது. ஆயினும் முடிவு பிழையானது.

உயரமான கட்டடத்தை முழுமையாக அடக்கக் கேமராவை அண்ணாந்து பிடிக்கும்போது, சுவர்கள் மேலே செல்லச் செல்ல ஒன்றையொன்று நெருங்குகின்றன. மென்பொருள் அவற்றை நிமிர்த்துவது உண்மை. ஆனால் அது படத்தின் மேற்பகுதியை இழுத்து விரித்தே நிமிர்த்துகிறது. செங்குத்தில் 40 பாகைக் காட்சிப்புலம் கொண்ட லென்ஸுடன், கேமராவை 20 பாகை மேல்நோக்கிச் சாய்த்து எடுத்த படத்தை நிமிர்த்தினால், மேல்விளிம்பு கீழ்விளிம்பைவிட அகலத்தில் ஏறத்தாழ 1.3 மடங்கும் உயரத்தில் 1.7 மடங்கும் கூடுதலாக நீட்டப்படுகிறது என்பதை முக்கோணக் கணிதம் அறிந்த எவரும் சரிபார்க்கலாம். கீழே ஒரு பிக்சல் நிரப்பும் பரப்பைப் போல இரு மடங்குக்கும் மேற்பட்ட பரப்பை மேலே ஒரு பிக்சல் நிரப்ப வேண்டியிருக்கிறது. பதிவாகாத இடைவெளியை மென்பொருள் அண்டைப் பிக்சல்களைக் கொண்டு ஊகித்து நிரப்புகிறது. சோமநாதபுரத்தில் 1258இல் எழுந்த கேசவர் கோயிலைத் தூண் வரிசை கொண்ட திருச்சுற்று சூழ்ந்திருப்பதால், படமெடுப்பவர் ஓர் எல்லைக்கு அப்பால் பின்வாங்க முடியாது. அங்கே ஊகத்துக்கு உள்ளாகும் மேற்பகுதி, நுண்ணிய செதுக்கல் நிறைந்த சிகரங்களே. வியூ கேமராவிலோ பின்சட்டம் செங்குத்தாக நிற்க, லென்ஸ் மட்டும் மேலே உயர்த்தப்படுகிறது. லென்ஸ் வீசும் ஒளிவட்டமாகிய பிம்ப வட்டத்தின் ஓரத்தில் ஒளியும் கூர்மையும் சற்றுக் குறையும் என்பதை மறுப்பதற்கில்லை. எனினும் சிகரம் அங்கே உண்மையாகவே பதிவாகிறது.

ஆவணப் படத்துக்கு இதனினும் முக்கியமானது விகிதம். கண்ணளவில் நிமிர்த்தப்பட்ட படத்தில், லென்ஸின் குவியத் தொலைவும் சாய்வுக் கோணமும் கணக்கில் கொள்ளப்படாவிட்டால், உயரத்துக்கும் அகலத்துக்கும் உள்ள விகிதம் நம்பத்தக்கதாக இராது. படத்தளம் சுவருக்கு இணையாக நின்று எடுத்த படத்திலோ அந்தச் சுவரின் எல்லாப் பகுதிகளும் ஒரே அளவுகோலில் அமைகின்றன. இணைத்தளத்தின் பயனைத் தென்னிந்தியப் புகைப்படக்கலை தன் தொடக்க ஆண்டுகளிலேயே கண்டது. பெங்களூருவில் பணியாற்றிய சென்னைப் படை அதிகாரி லின்னேயஸ் டிரைப், 1854 டிசம்பரில் பேலூர், ஹளேபீடு கோயில்களைப் படமெடுத்தார். பின்னர் 1858இல் தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளத்தில் ஓடும் கல்வெட்டுகளைக் கேமராவை நகர்த்தி நகர்த்திப் பகுதி பகுதியாக எடுத்து, 21 படங்களை ஒட்டி ஏறத்தாழ 19 அடி நீளமுள்ள ஒரே படமாக்கினார். இன்றைய வியூ கேமராவில் லென்ஸை அசைக்காமல் டிஜிட்டல் பேக்கை மட்டும் பக்கவாட்டில் நகர்த்தி இரு படங்களை இணைக்கும் முறையும் இதே குடும்பத்தைச் சேர்ந்தது. லென்ஸ் நகராததால் முன்னுள்ள தூணும் பின்னுள்ள சுவரும் இடம் மாறித் தெரிவதில்லை, 90 மி.மீ. பிம்ப வட்டத்துக்குள் 15 கோடி பிக்சல் பேக்கை நெட்டுவாக்கில் வைத்து இப்பக்கமும் அப்பக்கமும் 15 மி.மீ. நகர்த்தினாலே ஏறத்தாழ 26 கோடி பிக்சல் கொண்ட, எந்த வளைப்பும் தேவைப்படாத படம் கிடைக்கிறது.

இரண்டாவது காரணம், குவியத்தைச் சிறிது சிறிதாக மாற்றி எடுத்த படங்களை அடுக்கி ஒன்றாக்கும் முறையைப் பற்றியது. வியூ கேமராவில் அதற்கு வேறு வழி உண்டு. லென்ஸ் தளம், படத்தளம், பொருளின் தளம் ஆகிய மூன்றும் ஒரே கோட்டில் சந்தித்தால் பொருளின் தளம் முழுவதும் தெளிவாகும் என்ற விதி, ஆஸ்திரியப் படை அதிகாரி தியோடர் ஷைம்ஃபிளக்கின் 1904ஆம் ஆண்டுக் காப்புரிமை வழியாகப் புகழ்பெற்றது. விதான சவுதாவுக்கு எதிரே நீண்டு கிடக்கும் சிவப்பு நிற உயர் நீதிமன்றக் கட்டடத்தை ஒரு முனையருகே நின்று சாய்கோணத்தில் எடுப்பவர், லென்ஸைச் சில பாகை திருப்பினால் சுவர் முழுவதையும் ஒரே சொடுக்கில் தெளிவாக்கலாம். அடுக்கும் முறையில் அதே வேலைக்குப் பல சொடுக்குகள் தேவைப்படுகின்றன. அவற்றுக்கிடையே மரக்கிளை அசைகிறது, ஆட்கள் கடக்கிறார்கள், மேகம் ஒளியை மாற்றுகிறது.

உண்மையில் டிஜிட்டல் பேக் இத்திருப்பத்தின் தேவையைக் கூட்டியே இருக்கிறது. ஃபிலிம் காலத்தில் லென்ஸின் துளையை எஃப் 22, எஃப் 32 எனச் சுருக்கித் தெளிவின் ஆழத்தைப் பெற முடிந்தது. துளை சுருங்கும்போது ஒளி அதன் விளிம்பில் பரவுவதை விளிம்பு விளைவு என்பர். எஃப் 22இல் ஓர் ஒளிப்புள்ளி ஏறத்தாழ 30 மைக்ரான் அகலத்துக்குப் பரவுகிறது. ஃபேஸ் ஒன் நிறுவனம் 2018இல் வெளியிட்ட 15 கோடி பிக்சல் பேக்கில் ஒரு பிக்சலின் அகலம் 3.76 மைக்ரான் மட்டுமே. அப்புள்ளி எட்டுப் பிக்சல் அகலத்தை மறைத்துவிடும். ஆகவே எஃப் 8, எஃப் 11 அளவிலேயே நிற்க வேண்டியிருக்கிறது. அங்கே ஆழம் குறைவு. குறைந்த ஆழத்தைப் பொருளின் தளத்தோடு பொருத்தி வைக்க லென்ஸைச் சாய்ப்பதே நேரடி வழி. ஹளேபீட்டுச் சுவர்போல் மடிந்து மடிந்து முன்னும் பின்னுமாக நீளும் பரப்புக்குச் சாய்வு உதவாது, அடுக்குதலே ஏற்றது என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆனால் ஒன்று சில இடங்களில் சிறந்தது என்பதால் மற்றது எங்கும் தேவையற்றது ஆகிவிடாது.

மூன்றாவது காரணமே மூன்றிலும் வலுவானது. மேற்சொன்ன பேக்கின் சென்சார் 53.4×40 மி.மீ.; 4×5 அங்குல ஃபிலிமின் பரப்பு அதைவிட ஐந்து மடங்குக்கும் மேல். ஃபிலிமுக்கு இயல்பான காட்சி தந்த 150 மி.மீ. லென்ஸ் இங்கே தொலைநோக்குத் தன்மை பெறுகிறது. அகன்ற காட்சி தரும் 30, 40 மி.மீ. லென்ஸ்களுக்கோ பழைய கேமராவின் சட்டங்கள் போதிய அளவு நெருங்குவதில்லை. துல்லியத்தின் வேறுபாடு இன்னும் கூர்மையானது: எஃப் 22இல் ஃபிலிம் இரண்டு மி.மீ. வரை முன்பின் நகர்ந்தாலும் பொறுத்துக்கொள்ளும், எஃப் 8இல் இச்சென்சாரோ இரு பிக்சல் தெளிவை வேண்டினால் ஒரு மி.மீட்டரில் நூற்றில் ஆறு பங்குக்கு மேல் பொறுக்காது. ஆகவே பழைய மரக் கேமராவில் புதிய பேக்கை மாட்டிப் பார்த்து ஏமாந்தவர்களின் குறை நியாயமானதே. ஆனால் அந்தக் குறை பழைய கருவியின் தளர்ச்சியைச் சேர்ந்தது. இரு சட்டங்களைத் தனித்தனியே அசைக்கும் கோட்பாட்டை அது தொடுவதில்லை. லின்ஹாஃப் டெக்னோ, காம்போ ஆக்டஸ் போன்றவை அதே கோட்பாட்டைச் சிறிய சென்சாருக்கேற்பக் குறுக்கிச் செய்யப்பட்ட கருவிகள். லென்ஸை நகர்த்தும்போது தோன்றும் நிறச்சாயலை, வெண்ணிற ஒளிபரப்பித் தகடொன்றை லென்ஸின் முன் வைத்து எடுத்த துணைப்படத்தைக் கொண்டு நீக்கும் வழக்கமும் நிலைபெற்றுவிட்டது.

விலை பற்றிய தடை தனியே நிற்கிறது. டிஜிட்டல் பேக் பல லட்ச ரூபாய் பெறும். ஆனால் செலவு என்னும் தடை புதிதன்று: 1859இல் சென்னை ஆளுநர் சார்லஸ் டிரெவெல்யன் அரசின் நிதி நிலையைச் சுட்டிக்காட்டி டிரைப்பின் படமெடுப்புப் பணியை நிறுத்தினார். அன்று ஆடம்பரம் எனப்பட்ட அப்படங்களே இன்று தஞ்சை, மதுரைக் கோயில்களின் அக்கால நிலைக்கு முதன்மைச் சான்றுகளாக உள்ளன. ஒவ்வொரு படப்பிடிப்பாளரும் இக்கருவியை வாங்க வேண்டும் என்பதில்லை. காம்போ ஆக்டஸ் சட்டத்தில் கண்ணாடியற்ற சாதாரணக் கேமராவை மாட்டியும், அசைவின் எல்லை சற்றுக் குறைந்தாலும், இப்பணியைச் செய்யலாம்.

பேலூர், ஹளேபீடு, சோமநாதபுரம் ஆகிய ஊர்களின் ஹொய்சளக் கோயில்கள் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றதும், பெங்களூரு கஸ்தூர்பா சாலையில் கலை மற்றும் புகைப்பட அருங்காட்சியகம் திறக்கப்பட்டதும் 2023இல்தான். கல்லையும் ஓவியத்தையும் படத்தில் பதிந்து வைக்கும் பணி இந்நகரைச் சுற்றி இனிப் பெருகும். அப்பணியை ஒப்படைப்போர், செங்குத்துக் கோடுகள் படமெடுக்கும்போதே நேராக்கப்பட வேண்டும் என்றும், லென்ஸ் எவ்வளவு உயர்த்தப்பட்டது, எவ்வளவு சாய்க்கப்பட்டது என்ற குறிப்போடு திருத்தப்படாத மூலக்கோப்பும் ஒப்படைக்கப்பட வேண்டும் என்றும் ஒப்பந்தத்தில் எழுதிவைக்க வேண்டும்.