யாருக்குப் பெனிபிட்?

பெனிபிட் என்ற சொல்லைத் தர்மம் என்ற அர்த்தத்தில்தான் நாம் கேட்டுப் பழகியிருக்கிறோம். கும்பாபிஷேக நிதி, பள்ளிக்கூடக் கட்டட நிதி, புயல் நிவாரணம். வித்வான் வந்து பாடுவார், வசூல் நல்ல காரியத்துக்குப் போகும், பாடியவருக்கு ஒரு பொன்னாடை. ஆனால் இந்தச் சொல் புழங்கிய பழைய இடத்தில் அதற்கு இருந்த அர்த்தம் ஏறக்குறைய நேர் எதிரானது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லண்டனுக்கு வந்து பாடிய இத்தாலிய ஓபரா பாடகிகளின் ஒப்பந்தங்களில் சீஸனுக்கு ஓர் இரவு ‘பெனிபிட்’ என்று எழுதியிருக்கும். அன்றைய வசூல் பாடகிக்கு. அரங்கச் செலவு கழித்தா, கழிக்காமலா என்பதில்தான் பேரம் நடக்கும். கழிக்காமல் கொடுத்தால் அதற்குக் ‘கிளியர் பெனிபிட்’ என்று பெயர். நோட்டீஸிலேயே இன்னாருடைய பெனிபிட்டுக்காக என்று கொட்டை எழுத்தில் போடுவார்கள். டிக்கெட், அந்த அம்மாள் தங்கியிருக்கும் வீட்டு வாசலிலேயே கிடைக்கும்.

லாபம் யாருக்கு என்பது நோட்டீஸின் முதல் வரியிலேயே இருந்தது என்பதைக் கவனிக்க வேண்டும்.

இதை இங்கே இழுத்துவருவதற்குக் காரணம் ஊரூர் ஒல்காட் குப்பம். பெசன்ட் நகர்க் கடற்கரையின் வடகோடியில், அடையாற்று முகத்துவாரத்தை ஒட்டி இருக்கும் அந்த மீனவர் ஊரில் 2015-ல் ஒரு கலை விழா தொடங்கியது. டி. எம். கிருஷ்ணாவும் நித்யானந்த் ஜெயராமனும் ஊர்க்காரர்களோடு சேர்ந்து நடத்திய விழா. பிற்பாடு அது நகரத்தின் வேறு இடங்களுக்கும் பரவி, சென்னை கலைத் தெரு விழா என்று பெயர் மாற்றிக்கொண்டது. கர்நாடக சங்கீதம், பரதநாட்டியம், பறை, வில்லுப்பாட்டு என்று பலதும் ஒரே மேடையில். இதைப்பற்றி நம்மவர்கள் எழுதியவற்றைப் படித்துக்கொண்டே வருகிறேன். இரண்டு கட்சிகள். ஒரு கட்சிக்கு இது கலையை ஏழைகளிடம் கொண்டுசேர்த்த மகத்தான காரியம். இன்னொரு கட்சிக்கு இது வெறும் விளம்பரம், பம்மாத்து. இரண்டு கட்சிகளும் அடித்துக்கொள்வதாகத் தெரிந்தாலும் ஒரு விஷயத்தில் பரிபூரண உடன்பாடு கொண்டவை. குப்பம் என்பது வாங்கிக்கொள்கிற கை என்பதில் இருவருக்கும் சந்தேகமே இல்லை. முதல் கட்சி, கொடுத்தார்கள் என்கிறது. இரண்டாவது கட்சி, கொடுப்பதுபோல் பாவனை செய்தார்கள் என்கிறது. அவ்வளவுதான் வித்தியாசம்.

விழாவைத் தொடங்கியவர்கள் இப்படிச் சொல்லவில்லை என்பதையும் இங்கேயே பதிவு செய்துவிடுகிறேன். உயர்ந்த கலையை எளியவர்களிடம் எடுத்துச்செல்வது தங்கள் நோக்கமல்ல என்று அவர்கள் பலமுறை சொல்லியிருக்கிறார்கள். சொன்னதைக் காதில் போட்டுக்கொள்ளாதவர்கள் நாம்தான். ஏன் போட்டுக்கொள்ளவில்லை என்பதுதான் கேள்வி.

லண்டனுக்கே திரும்பலாம். ஏஞ்சலிகா கத்தலானி 1806 டிசம்பரில் ஹேமார்க்கெட் கிங்ஸ் தியேட்டரில் முதன்முதலாகப் பாடினாள். அவள் கேட்ட சம்பளங்கள் அந்தக் காலத்தில் ஊர்ப்பேச்சு. அவள் பேராசைக்காரி என்று எழுதினார்கள், அவளுடைய கணவனின் பேராசையைப் பற்றி இன்னும் அதிகமாக எழுதினார்கள். இருக்கட்டும். 1808-ல் எரிந்துபோன கவென்ட் கார்டன் தியேட்டரைப் புதிதாகக் கட்டி 1809 செப்டம்பரில் திறந்தபோது, மேனேஜர் கெம்பிள் கட்டணத்தை உயர்த்தினார். பாக்ஸ் 6 ஷில்லிங்கிலிருந்து 7. பிட் மூன்றரையிலிருந்து 4. சீமான்களுக்குத் தனி பாக்ஸ்கள் வேறு அதிகமாயின. கத்தலானியையும் அமர்த்தியிருந்தார். ஜனங்கள் பொறுத்துக்கொள்ளவில்லை. ஏறக்குறைய மூன்று மாதம், இரவுக்கு இரவு, மேடையில் நாடகம் நடக்க நடக்க எதிரே நின்று கத்தினார்கள், மணியடித்தார்கள், மேடைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஆடினார்கள். பழைய விலை வேண்டும் என்பது கோஷம். கடைசியில் பிட் பழைய விலைக்கு இறங்கியது, தனி பாக்ஸ்கள் குறைந்தன, கத்தலானியின் ஒப்பந்தம் ரத்தானது. இதில் அந்நிய நாட்டுப் பாடகி என்ற துவேஷமும் கலந்திருந்தது. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனாலும் மூன்றரை ஷில்லிங் கொடுத்து பிட்டில் உட்கார்ந்தவன் தன்னைத் தானம் வாங்குகிறவனாக நினைத்துக்கொள்ளவில்லை. விலை கொடுத்தவன், ஆகவே கூச்சல் போட உரிமை உள்ளவன்.

பெனிபிட் முறை புனிதமானது என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. சீமான்கள் வீட்டு வாசலில் டிக்கெட்டோடு நிற்க வேண்டியிருந்த அவமானம் அதில் உண்டு. நஷ்டம் உண்டு. 1824 மே 7-ம் தேதி வியன்னாவில் பேத்தோவன் தன் பெனிபிட்டாகவே ஒரு கச்சேரி நடத்தினார். ஒன்பதாவது சிம்பனியின் அரங்கேற்றம் அது. ஹென்ரியேட்டா சோன்டாகும் கரோலின் உங்கரும் பாடினார்கள். கைதட்டல் வானத்தைப் பிளந்தது. கணக்குப் பார்த்தபோது வசூல் 2200 ஃப்ளோரின், செலவெல்லாம் போகக் கையில் நின்றது 420. மனிதர் இடிந்துபோனார். தர்மக் கச்சேரிகளும் அப்போது இல்லாமலில்லை. அதே பேத்தோவன் 1813 டிசம்பரில், ஹனாவ் சண்டையில் காயம்பட்ட சிப்பாய்களுக்காக நடந்த கச்சேரியில் தன் ஏழாவது சிம்பனியை முதன்முதலாக நடத்திக்காட்டினார். இரண்டு வகைக் கச்சேரிகளுக்கும் தனித்தனிப் பெயர்ப்பட்டி இருந்தது, ஒன்று இன்னொன்றின் வேஷத்தைப் போட்டுக்கொள்ளவில்லை என்பதே நான் சொல்ல வருவது.

இந்தப் பாடகர்கள் எங்கெங்கோ போனார்கள். மனுவேல் கார்சியா தன் குடும்பத்தையே கப்பலேற்றி 1825 நவம்பரில் நியூயார்க்கில் ரொஸ்ஸினியின் ஓபராவை நடத்தினார். அவருடைய மகள், பிற்பாடு மலிப்ரான் என்று புகழ்பெற்றவள், அப்போது 17 வயதுப் பெண். 1833-ல் மக்காவில் பாடிய ஒரு சிறிய இத்தாலியக் குழு அங்கிருந்து கல்கத்தாவுக்கு வந்தது. போன இடத்திலெல்லாம் அவர்கள் பிழைக்கப் போனவர்கள் என்பது பாடுகிறவருக்கும் தெரியும், கேட்கிறவருக்கும் தெரியும். எந்த ஊரையும் உய்விக்கப் புறப்பட்டதாக அவர்கள் சொல்லிக்கொள்ளவில்லை.

சொல்லின் அர்த்தம் புரண்டுபோன காலத்துக்கு ஓர் உதாரணம் சொல்லலாம். 1850 செப்டம்பரில் ஜென்னி லிண்ட் நியூயார்க்கில் பாடினாள். முதல் கச்சேரியில் தனக்கு வந்த பங்கை அந்த நகரத்துத் தர்ம ஸ்தாபனங்களுக்கே கொடுத்துவிட்டாள். கொடுத்தது நிஜம். அவள் மனசு நல்ல மனசு என்பதும் நிஜமாகவே இருக்கட்டும். ஆனால் அவளை அழைத்துவந்தவர் பார்னம், சர்க்கஸ் பார்னம். தர்மத்தைவிட நல்ல விளம்பரம் கிடையாது என்பதை அவர் அறிந்திருந்தார். அதற்குமேல் பெனிபிட் யாருக்கு என்று நோட்டீஸைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாமல் போய்விட்டது.

நம் பக்கத்தில் இந்தப் புரளல் இன்னும் வேகமாக நடந்தது. நாடகக் கம்பெனிகளில் நடிகனுக்கென்று ஒதுக்கிய ‘பெனிபிட் நைட்’ பழைய அர்த்தத்திலேயேதான் இருந்தது. வசூல் அவன் மடியில் விழும், அவ்வளவுதான். சங்கீதத்துக்கு வரும்போது தேசமும் பக்தியும் சேர்ந்துகொண்டன. 1944-ல் கஸ்தூர்பா நினைவு நிதிக்காக எம். எஸ். சுப்புலட்சுமி பாடினார். அவர் வாழ்நாளில் கச்சேரி வருமானத்தைப் பொதுக்காரியங்களுக்குக் கொடுத்ததில் பெரும்பகுதி உண்மையான தியாகம். அவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. அந்த முன்மாதிரியை வைத்துக்கொண்டு பிறகு வந்தவர்கள் கட்டிய கடைகளைப் பற்றித்தான் பேச்சு. பேங்க் கவுண்டரில் உட்கார்ந்திருக்கிறவனுக்கு இந்தக் கடையின் கொல்லைப்புறம் தெரியும். மலருக்கு முழுப்பக்க விளம்பரம், அதற்கு ஒரு செக், 80ஜி ரசீது, முதல் வரிசையில் நான்கு நாற்காலி. கச்சேரியே நடக்காவிட்டாலும் இந்தக் கணக்கு நேராகிவிடும்.

இப்போது குப்பத்தைப் பார்க்கலாம். அந்த ஊரின் பெயரிலேயே ஒரு தர்மப் பிரபு உட்கார்ந்திருக்கிறார். கர்னல் ஒல்காட். பிரம்மஞான சபை 1882-ல் அடையாற்றில் இடம் வாங்கியது. 1894-ல் அவர் பஞ்சமர் பிள்ளைகளுக்கு இலவசப் பள்ளிக்கூடம் தொடங்கினார். அது நல்ல காரியம், சந்தேகமில்லை. அதே சபையின் தோட்டத்தில்தான் 1935 டிசம்பரில் ருக்மிணி தேவி மேடையேறி ஆடினார். மறு வருஷம் கலாக்ஷேத்ரா பிறந்தது. பின்னர் அது திருவான்மியூருக்கு இடம் பெயர்ந்தது. ஆக, ஒரு பக்கம் சபை, இன்னொரு பக்கம் கலாக்ஷேத்ரா, நடுவே இந்தக் குப்பம். கலை அங்கே போய்ச்சேர 2015 வரை காத்திருக்க வேண்டியிருந்தது என்றால் தூரத்தின் மீது பழி போட முடியாது. நடந்தே போகலாம்.

குப்பத்துக்கு யாராவது கச்சேரியை அறிமுகப்படுத்த வேண்டியிருந்ததா என்ன? கரையோர ஊர்களைக் கொஞ்சமாவது அறிந்தவர்களுக்குத் தெரியும். அம்மன் கோயில் திருவிழா என்றால் ஊர்ப் பஞ்சாயத்து கூடித் தலைக்கட்டு வரி போடும். பாடு இல்லாத மாதமானாலும் வரி வரிதான். அந்தப் பணத்தில் மேளக்காரரைப் பேசுவார்கள், கூத்தோ பாட்டுக் கச்சேரியோ பேசுவார்கள், முன்பணம் கொடுப்பார்கள், பாட்டு சரியில்லையென்றால் மைக்கிலேயே சொல்லுவார்கள். இது என்ன? சந்தா வசூலித்துக் கச்சேரி நடத்தும் ஒரு சபா. 1928-ல் ஆரம்பித்த மியூசிக் அகாடமி செய்வதும் அடிப்படையில் இதைத்தான். ஒரு வித்தியாசம், இங்கே சந்தா எல்லாத் தலைக்கட்டுக்கும் ஒன்று, முதல் வரிசை என்று தனியாகக் கிடையாது. தலைமுறைகளாகக் கலைஞனுக்குக் கூலி கொடுத்துக் கேட்டுவந்த ஒரு ஊரை, நம்முடைய விமர்சகர்கள், ‘முதன்முறையாகக் கலையின் ஸ்பரிசம் பட்ட பாமர முகங்கள்’ என்கிற பாணியில் எழுதும்போது எனக்குக் கூச்சமாக இருக்கிறது. அந்த முகங்களை இவர்கள் எப்போது பார்த்தார்கள்? கேமரா பார்த்தது. இவர்கள் போட்டோவைப் பார்த்தார்கள்.

எனவே என் கட்சி இது. ஒல்காட் குப்பத்து விழா பெனிபிட் கச்சேரிதான், கத்தலானி காலத்து அர்த்தத்தில். பெனிபிட் கர்நாடக சங்கீதத்துக்கு. டிசம்பர் மாதத்து ஏ.சி. அரங்குகளில், தன் சொந்த ஜாதிக்காரனின் தலையாட்டலிலேயே திருப்தி கண்டு உட்கார்ந்துவிட்ட ஒரு சங்கீதம், தன்னைத் தெரியாத காதுகளுக்கு முன்னால் போய் நின்றது. தலையாட்ட அங்கே ஆளில்லை. குழந்தை குறுக்கே ஓடும். வாடைக்காற்று மைக்கில் புகுந்து ஸட்ஜத்தோடு சண்டை போடும். நிரவல் நடுவில் நாலு பேர் எழுந்து போனால் அது அவமரியாதை அல்ல, அபிப்பிராயம். அகாடமியில் இந்த அபிப்பிராயத்தைக் காப்பி குடிக்கப் போவதாகப் பாவனை செய்துதான் தெரிவிக்க முடியும். இப்படி ஒரு பரீட்சை கிடைத்தது அந்தச் சங்கீதத்துக்கு லாபம், பெரிய லாபம். இடத்தையும் காதையும் கொடுத்தது குப்பம். அப்படியானால் கடன்பட்டவர் யார்? நோட்டீஸில் ‘கர்நாடக சங்கீதத்தின் பெனிபிட்டுக்காக’ என்று போட்டிருந்தால் இந்த இரண்டு கட்சிகளும் வாயடைத்துப் போயிருக்கும்.

பழைய பெனிபிட்டில் இன்னொரு வழக்கமும் இருந்தது. ஒருத்தியின் பெனிபிட்டில் சக பாடகர்கள் கூலி வாங்காமல் பாடுவார்கள். அவர்களுடைய முறை வரும்போது அவள் போய்ப் பாடித் தீர வேண்டும். மொய் மாதிரி. எழுதிவைத்த மொய். குப்பத்தில் பறை அடித்தவருக்கும் வில்லுப்பாட்டுக்காரருக்கும் அந்த மொய்யை டிசம்பர் சபாக்கள் திருப்பித் தர வேண்டியிருக்கிறது. காலை ஒன்பது மணி இலவச நிகழ்ச்சியாக அல்ல, ‘நாட்டார் கலைகள்’ என்று தனிப் பந்தலிலும் அல்ல. மாலை ஏழு மணி, டிக்கெட்டோடு, பிரதான வித்வானுக்குத் தருகிற அதே தொகையோடு. இந்தக் கோரிக்கையை நம் புரட்சிக் கட்சியில் யாரும் வைக்கவில்லை. வைத்தால் பேச்சு ரூபாயில் வந்து நின்றுவிடும், அவர்களுடைய வசனநடைக்கு ரூபாய் ஆகாது.

இதையெல்லாம்விட என்னை உறுத்துவது வேறு. விழாவைப் பற்றி நான் படித்த கட்டுரைகளில் சங்கீதம் இல்லை. கடல் இருக்கிறது, மணல் இருக்கிறது, வலை உலர்கிறது, ஆயா சிரிக்கிறாள். பாடியது என்ன ராகம், ஆலாபனை எவ்வளவு நேரம், வழக்கமான கச்சேரியைவிடச் சுருக்கினாரா, சுருக்கினார் என்றால் எதை நினைத்துச் சுருக்கினார், ஸ்வரம் பாடும்போது சுருதி நின்றதா, ஒன்றும் கிடையாது. லண்டன் பத்திரிகைக்காரர்கள் பெனிபிட் இரவுகளையும் விட்டுவைக்கவில்லை. முடிவில்லாமல் நீண்ட, ஒட்டுப்போட்ட நிகழ்ச்சிகள் என்று சலித்துக்கொண்டார்கள். நம்மவர்கள் குப்பத்தில் கால் வைத்ததும் விமர்சனத்தைச் செருப்போடு வெளியே கழற்றிவிடுகிறார்கள். நல்ல காரியத்துக்காகப் பாடுகிறவரைக் குறை சொல்லக் கூடாதாம். இதுதான் அசல் தர்மம். விமர்சகன் பாடகனுக்குப் போடுகிற பிச்சை. எழுந்துபோன அந்த நாலு பேர் அதைப் போடவில்லை.

அடுத்த முறை எழுதுகிறவர் முதல் பாராவில் ராகத்தின் பெயரைச் சொல்லட்டும். இரண்டாவது பாராவில் யார் யாருக்கு எவ்வளவு கொடுக்கப்பட்டது என்று சொல்லட்டும். அதற்கப்புறம் இடமிருந்தால் கடலைப் பற்றி எழுதலாம்.