தென்வானத்துச் சொத்து

நாகப்பட்டினத்து நேயர்களுக்கு நாம் ஒன்று சொல்ல விரும்புகிறோம். தை பிறந்து மழை மேகம் கலைந்த பிறகு, இரவு எட்டு மணி சுமாருக்குக் கடற்கரையில் நின்று கோடியக்கரைத் திசையாகத் தெற்கே நோக்குங்கள். அடிவானத்துக்கும் உச்சிக்கும் நடுவில், பிரகாசமான நட்சத்திரம் எதுவுமற்ற ஓரிடம் இருக்கும். வான சாஸ்திரிகள் அதற்கு 'உலை' என்று பொருள்படும் பெயரை இட்டிருக்கிறார்கள்.

வெறுங்கண்ணுக்கு இந்த உலையில் ஒன்றும் தெரியாது. ஆறங்குலத் தூரதரிசினி வழியே பார்த்தால் பஞ்சுத் துணுக்குப் போல் ஒரு மங்கிய ஒளி தென்படும். அது கோடானுகோடி சூரியர்கள் கூடிய திரள். ஜாபிதாவில் அதன் பெயர் என்.ஜி.சி. 1399. நமது பால்வீதிக்குள்ள சுருண்ட கரங்கள் அதற்கு இல்லை. சற்றே நீண்ட உருண்டையாகத் திரண்டிருக்கிறது. புது நட்சத்திரங்கள் பிறக்க வேண்டிய குளிர்ந்த வாயு அநேகமாகத் தீர்ந்துவிட்டபடியால், அங்கே இருப்பவை பெரும்பாலும் கிழ நட்சத்திரங்களே. ஆனால் பரிவாரம் பெரிது. பால்வீதியைச் சுற்றிலும் உருண்டையான நட்சத்திரக் கொத்துகள் சுமார் 150 உண்டு. அதைச் சுற்றியோ ஏறக்குறைய 6,000! வேறு பல திரள்களும் சூழ்ந்திருக்க, பெரிய குடும்பத்துப் பாட்டியைப் போல் நடுவே வீற்றிருக்கிறது. அதன் ஒளி நம்மை வந்தடைய 6 கோடி ஆண்டுகளுக்கு மேலாகிறது.

லண்டனில் இது அடிவானத்துக்கு மேல் மூன்று பாகைதான் எழும்பும். ஆகவே தென்வானத்தை ஆராய விரும்பிய ஜான் ஹெர்ஷல், 1833-ல் தம் பெரிய தூரதரிசினியைக் கப்பலேற்றி, குடும்பத்தோடு நன்னம்பிக்கை முனைக்குப் புறப்பட்டார். அங்கே 1835 அக்டோபரில் இதைக் கண்டு குறித்தார். நாகப்பட்டினத்திலோ இது 44 பாகை உயரம் ஏறுகிறது. சென்னையில் 1792-லேயே கம்பெனியார் வானாராய்ச்சி நிலையம் கட்டியிருந்தார்கள். ஆயினும் கப்பல் வழிக்கும் தேசப்படத்துக்கும் வேண்டிய நட்சத்திர அளவைகளே அவர்களுக்கு முக்கியம்.

சொத்து இருப்பது வேறு. அதை அனுபவிப்பது வேறு. இதை உணர்ந்தவர் வைணு பாப்பு. தென்வானமும் கண்ணுக்கு எட்ட வேண்டுமென்று ஜவ்வாது மலையில் காவலூரைத் தேர்ந்தெடுத்தார். 1968-ல் அங்கே வேலை துவங்கியது. இந்தியாவிலேயே உருவாக்கிய 2.34 மீட்டர் தூரதரிசினி 1986-ல் கண் திறந்தபோது அதைக் காண அவர் இல்லை, 1982-லேயே காலமாகிவிட்டார். அது இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

தேர் இழுக்க ஊர் கூடும் சீமை நம்முடையது. பள்ளிக்கூடத்துக்கு ஒரு சிறு தூரதரிசினி வாங்கவும் ஊர் கூடலாகாதா?