பழவேற்காட்டுல இன்னைக்கு யாரோட பாடு?

பழவேற்காட்டை வரையச் சொன்னா நம்ம ஆட்கள் என்ன வரைவாங்க? ஒரு படகு, ஒரு சூரியன், பின்னாடி வரிசையா நாலு பூநாரை. கொஞ்சம் மெனக்கெட்டா, கரையில வலையைச் சரிபார்க்கிற ஒரு தாத்தா. முடிஞ்சது, ஃபிரேம் போட்டு மாட்டிடலாம்! பார்க்க நல்லாத்தான் இருக்கும். ஆனா தலைப்பை அழிச்சிட்டு 'கேரளா'ன்னு எழுதினாலும் அந்தப் படம் செல்லும். அதுதான் பாஸ் பிரச்னையே!

ஒரு படம் ஒரு ஊரோட படமா மாறணும்னா, அதுக்குள்ளே மூணு விஷயம் வந்தாகணும். அந்த ஊரோட பிழைப்பு, அங்கே நிக்கிற கட்டடம், வரையறவரோட மனசு.

முதல்ல பிழைப்பு. ஏரித் தண்ணிக்கு மேல அங்கங்கே கம்புகள் நீட்டிக்கிட்டு நிக்கும். கம்போசிஷனுக்கு சூப்பர் செங்குத்துக் கோடுகள்னு வரைஞ்சிட்டு வந்துடுவோம். அது சுத்துவலை கட்டுற கம்பு. யார் எந்த இடத்துல, எந்த நாள் வலை கட்டலாம்னு முறை வைத்துப் பங்கிடுற பழைய ஏற்பாடு அங்கே உண்டு. அதுக்குப் பேர் 'பாடு'. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடூர் மாதாகுப்பம் கிராமங்கள் இதுல முக்கியமானவை. ஒருத்தரே நல்ல இடத்தைப் பிடிச்சு வச்சுக்க முடியாது. எல்லாருக்கும் முறை வரும்.

ஆனா அந்த 'எல்லாரும்' யாருங்கறதுலதான் விஷயம் இருக்கு. தண்ணிக்குள்ளே இறங்கி, கையாலேயே சேற்றைத் துழாவி இறால் பிடிக்கிற இருளர்களுக்கு இந்தப் பாட்டுல பங்கு கிடையாது. ஒரே ஏரி, ரெண்டு விதமான வாழ்க்கை. இது தெரிஞ்ச பிறகு அந்தக் கம்புகளை வெறும் கோடா வரைய முடியுமா?

வேலையை எப்படி வரையறதுன்னு பார்க்கணும்னா, கொஞ்சம் மலை ஏறணும். நீலகிரியில கோத்தகிரி பக்கம் வாழற ஆலு குரும்பர்கள் வேங்கை மரப் பிசினையும் இலைச்சாற்றையும் வண்ணமாக்கி வரைவாங்க. மனுஷங்க பெரும்பாலும் கோட்டுருவம்தான். ஆனா மலைத்தேன் எடுக்கிற காட்சியைப் பாருங்க... அந்த வேலையைத் தெரிஞ்ச கைதான் அதை வரைஞ்சிருக்குன்னு புரிஞ்சிடும். அனாடமி மார்க் கம்மியா இருக்கலாம். உண்மைக்கு நூத்துக்கு நூறு!

அடுத்து கட்டடம். டச்சுக்காரங்க 1613-ல இங்கே கெல்ட்ரியா கோட்டையைக் கட்டினாங்க. 1690 வரைக்கும் சோழமண்டலக் கரையில அவங்களோட தலைமையிடம் இதுதான். இன்னைக்குக் கோட்டை இருந்த இடத்துல புதரும் மேடும்தான் மிச்சம். தொல்லியல் துறை பாதுகாக்கிற டச்சுக் கல்லறைத் தோட்டம் மட்டும் கம்பீரமா நிக்குது. வாசல்லயே எலும்புக்கூடு சிற்பங்கள். ஸ்கெட்ச் புக்கைத் திறக்காம யாராலும் அதைத் தாண்டிப் போக முடியாது.

வரையுங்க, தப்பே இல்லை. ஆனா இதே துறைமுகத்துலேர்ந்து 17-ம் நூற்றாண்டுல டச்சுக்காரங்க நம்ம மக்களை அடிமைகளாகக் கப்பல்ல ஏத்தினாங்க. அவங்களுக்குக் கல்லறையும் இல்லை, கல்வெட்டும் இல்லை. கட்டம் போட்ட துணியும் இங்கேர்ந்துதான் கப்பல் ஏறுச்சு. மலேசியாவுல இன்னைக்கும் கைலிக்கு 'காயின் பெலிகாட்'னு பேர். நம்ம பழவேற்காடுதான் அந்த 'பெலிகாட்'! அப்புறம் செம்புரைக்கல்லால கட்டின பெருமாள் கோயில், மசூதியில ஒரு சூரியக் கடிகாரம்... இத்தனையும் ஒரு சின்ன ஊருக்குள்ளே. சுவரை வரையும்போது, அதைக் கட்டினவங்க யாரு, அதுல இடம் கிடைக்காதவங்க யாருன்னு ஒரு கேள்வி உங்க பென்சில்ல இருக்கட்டும்.

மூணாவது மனசு. இதுக்கு ஓவியர் இளையராஜாவைவிட நல்ல வாத்தியார் வேணுமா? கும்பகோணம் பக்கம் செம்பியவரம்பல்ல பிறந்தவர். 2021 ஜூன்ல கொரோனா அவரைக் கொண்டுபோயிடுச்சு. தான் வளர்ந்த கிராமத்து வீடுகளையும் பெண்களையும்தான் திரும்பத் திரும்ப வரைஞ்சார். போட்டோ மாதிரியே இருக்குன்னு எல்லாரும் வியந்தாங்க. ஆனா ஜன்னல் வெளிச்சம் அந்த முகத்துல விழுற இடத்துல ஒரு பாசம் இருக்கும் பாருங்க, அது கேமராவோடது இல்லை; அவரோடது. அந்தப் பெண்கள் யாரும் பரிதாபத்துக்குரியவங்களா தெரிய மாட்டாங்க. நம்ம வீட்டு அக்காவா தெரிவாங்க. ஏழ்மையை அழகாக்கி விக்கிறதுக்கும், மனுஷங்களை மதிச்சு வரையறதுக்கும் உள்ள வித்தியாசம் அதுதான்.

'பாடு'ன்னா பங்கு, 'பாடு'ன்னா கஷ்டமும்தான். ஒரே சொல்லுல ரெண்டையும் வச்சிருக்கிற ஊரை, வெறும் சூரிய அஸ்தமனமா சுருக்குறது நியாயமா நண்பர்களே?

போகணும்னு தோணுதா? கும்மிடிப்பூண்டி மின்சார ரயில்ல பொன்னேரி, அங்கேர்ந்து பஸ். ஒருநாள் போதும். போனதும் ஸ்கெட்ச் புக்கைத் திறக்காதீங்க. முதல் ஒரு மணி நேரம் கரையில உட்கார்ந்து, வலையோட வர்ற அண்ணன்கிட்ட மரியாதையா ஒரே ஒரு கேள்வி கேளுங்க: "அண்ணே, இன்னைக்கு யாரோட பாடு?"

அவர் சொல்ற பதிலைக் கேட்டுட்டு வரையுங்க. அந்தப் படத்துக்குக் கீழே வேற எந்த ஊர்ப் பேரையும் எழுத முடியாது.