கடல் கொண்ட தம்பி

கோவளம் முதல் சதுரங்கப்பட்டினம் வரை எந்த மீனவர் குப்பத்தில் சொன்னாலும் இந்தக் கதைக்கு விளக்கம் தேவைப்படாது. கடலுக்குப் போன ஒருவர் திரும்பவில்லை. கரையில் இருந்தவர் பிறகு எப்படி எழுந்து நின்றார் என்பதுதான் கதை. நடந்து சுமார் 850 ஆண்டுகள் ஆகின்றன.

கரையில் இருந்தவர் மோசஸ் மைமோனிடிஸ். ஸ்பெயினின் கோர்டோபாவில் பிறந்த யூத அறிஞர். மதக் கெடுபிடிக்குத் தப்பி ஊர் ஊராக அலைந்த குடும்பம், கடைசியில் எகிப்தில், பழைய கெய்ரோவான ஃபுஸ்தாத்தில் குடியேறியது. தம்பி டேவிட் ரத்தின வியாபாரி. தம்பி சம்பாதித்தார், அண்ணன் படித்தார், எழுதினார். வேதப் படிப்பைக் காசாக்கக் கூடாது, உழைத்துத்தான் பிழைக்க வேண்டும் என்று 1168-ல் முடித்த உரைநூலில் கண்டிப்பாகவும் எழுதினார்.

அதையொட்டிய ஆண்டுகளில் டேவிட் செங்கடல் துறைமுகமான ஐதாபுக்குப் போனார். அங்கே வாங்கும்படியான சரக்கு இல்லை. இந்தியாவுக்கே கப்பலேறுகிறேன், கவலைப்படாதீர்கள், என் மனைவியைத் தேற்றுங்கள் என்று அண்ணனுக்குக் கடிதம் எழுதினார். அந்தக் கடிதம் இன்றும் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக நூலகத்தில் பத்திரமாக இருக்கிறது. எழுதியவர்தான் திரும்பவில்லை. இந்தியக் கடலில் மூழ்கிப்போனார். குடும்பத்தின் பணமும், பிறர் நம்பிக் கொடுத்த பணமும் அவரோடு போயின.

அண்ணன் ஏறக்குறைய ஓராண்டு படுத்த படுக்கையாகக் கிடந்தார். தம்பியின் மனைவியும் சின்னப் பெண் குழந்தையும் இப்போது அவர் பொறுப்பு. அவ்வளவு பெரிய பண்டிதர் கை நீட்டியிருந்தால் ஊர் கொடுத்திருக்கும். ஆனால் தான் எழுதியதை அவரே மீறவில்லை. கற்றிருந்த மருத்துவத்தைப் பிழைப்பாக்கிக்கொண்டார்.

சுல்தான் சலாவுதீனின் அரசவை வரை அவர் பெயர் போயிற்று. காலையில் அரண்மனை. பிற்பகலில் பசியோடு வீடு திரும்பினால் வாசல் நிறைய நோயாளிகள். யூதரும் பிற மதத்தவரும், பெரிய மனிதரும் எளியவரும். களைப்பில் படுத்தபடியே மருந்து சொன்னதாக 1199-ல் ஒரு கடிதத்தில் எழுதியிருக்கிறார். 14 பகுதிகள் கொண்ட யூதச் சட்டத் தொகுப்பான ‘மிஷ்னே தோரா’வையும், ஆஸ்துமா பற்றிய மருத்துவ நூலையும் எழுதினார். 1204-ல் மறைந்தார். அவருடைய நூல்கள் இன்றும் படிக்கப்படுகின்றன.

தம்பி போய் எட்டு ஆண்டுகள் கழித்தும், அவன் கையெழுத்தைக் கண்டால் நெஞ்சு கலங்குகிறது என்று எழுதியவர் அவர். துக்கம் தீர்ந்த பிறகு அவர் எழுந்திருக்கவில்லை. அது தீராமலே எழுந்து, வேலைக்குப் போனார்.