பந்து போன பின்னும் ஓடும் ஊர்



கடந்த ஆண்டு குறுக்கோட்டப் போட்டிக்கு மாணவர்களைத் தெரிவு செய்தேன். பயிற்சிக்கு வந்த 60 பேரில் 12 பேரை மட்டும் வைத்துக்கொண்டு, மற்றவர்களை வீட்டுக்கு அனுப்பினேன். மறுநாள் ஒரு தாயார் பள்ளிக்கு வந்தார். “என் மகள் ஜெயிக்காவிட்டால் பரவாயில்லை, டீச்சர். அவள் ஓடவே கூடாதா?” என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

அக்கேள்வி உறுத்திக்கொண்டிருந்த வேளையில்தான், அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்திலுள்ள டூசான் நகரைப் பற்றிப் படிக்க நேர்ந்தது. பாலைவனத்தின் நடுவே ஏறக்குறைய ஐந்தரை இலட்சம் மக்கள் வாழும் ஊர் அது. கோடையில் வெயில் 40 பாகையைத் தாண்டும்.

அவ்வூரின் பெருமையாக நெடுங்காலம் விளங்கியது பேஸ்பால். புகழ்பெற்ற தொழில்முறைக் குழுக்கள் பருவம் தொடங்குமுன் அங்கு வந்து பயிற்சி பெறும். கிளீவ்லாந்து குழு 1947-இல் வந்து 1992 வரை தங்கியது. அதன் பின்னர் கொலராடோ குழு வந்தது. 1998-இல் மேலும் இரு குழுக்களுக்காகப் புதிய அரங்கமே கட்டப்பட்டது. ஆயினும், மற்றக் குழுக்கள் பல ஏறத்தாழ 180 கிலோமீட்டருக்கு அப்பால் பீனிக்ஸ் நகரைச் சுற்றியே இருந்தன. அங்கு வசதியான புதிய அரங்கங்களும் எழுந்தன. 2010-ஆம் ஆண்டுக்குப் பிறகு டூசானில் ஒரு குழுவும் எஞ்சவில்லை.

அத்துடன் அவ்வூரில் விளையாட்டு அழிந்ததா? இல்லை. கொலராடோ குழு விட்டுச்சென்ற பழைய திடலுக்கு 2012-இல் அரிசோனா பல்கலைக்கழக மாணவர் குழு குடிபுகுந்தது; அவ்வாண்டே தேசியக் கல்லூரி வெற்றியாளர் பட்டத்தையும் வென்றது.

என்னைக் கவர்ந்தது அவ்வெற்றியைவிட வேறொன்று. 1983-இல் அப்பகுதியைப் பெருவெள்ளம் தாக்கியது. அதன் பின்னர் ஆற்றங்கரைகளைப் பலப்படுத்தியபோது, கரைமேல் பாதைகளும் அமைத்தார்கள். அவை சிறிது சிறிதாக இணைந்து, இன்று 200 கிலோமீட்டருக்கும் மேல் நீள்கின்றன. ஆண்டின் பெரும்பகுதி வறண்டு கிடக்கும் ஆறுகளின் ஓரமாக மக்கள் நடக்கிறார்கள், ஓடுகிறார்கள், மிதிவண்டி ஓட்டுகிறார்கள். நுழைவுக் கட்டணம் இல்லை. தெரிவுப் போட்டியும் இல்லை. அதே 1983-இல் தொடங்கிய மிதிவண்டி விழாவும் இன்றளவும் நடைபெறுகிறது. அதில் வீரர்களோடு சாதாரண மக்களும் கலந்துகொள்கிறார்கள்.

அரங்கத்தை நம்பி வந்த விளையாட்டு, வசதியான வேறு அரங்கம் கிடைத்ததும் போய்விட்டது. மக்களின் கால்களை நம்பிய விளையாட்டோ நிலைத்துவிட்டது.

நம் பள்ளிகளை எண்ணிப் பார்ப்போம். ‘ஒரு மாணவர் ஒரு விளையாட்டு’ என்னும் கொள்கையைக் கல்வியமைச்சு 2011-இல் அறிமுகப்படுத்தியது. ஏட்டில் எல்லா மாணவருக்கும் ஒரு விளையாட்டு உண்டு. திடலிலோ, கிண்ணம் பெற்றுத் தரும் சிலருக்கு மட்டுமே பயிற்சி. அச்சிலர் ஆறாம் ஆண்டு முடித்து இடைநிலைப்பள்ளிக்குச் சென்றதும் திடல் வெறிச்சோடிப் போகிறது.

போட்டியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. திறமையுள்ள பிள்ளைக்கு உயர்ந்த பயிற்சி தருவது நம் கடமை. ஆனால், அதற்காக மற்றப் பிள்ளைகளைத் திடலின் ஓரத்தில் உட்கார வைப்பது கல்வியாகாது. கணிதத்தில் பின்தங்கிய மாணவனை வகுப்பைவிட்டு அனுப்புகிறோமா? ஓட்டத்தில் மட்டும் ஏன் அனுப்புகிறோம்?

இவ்வாண்டு நான் யாரையும் வீட்டுக்கு அனுப்பவில்லை. வாரம் ஒரு நாள் புறப்பாட நேரத்தில், விரும்பும் அனைவரும் ஓடுகிறார்கள். போட்டிக்குரியவர்களுக்குத் தனிப் பயிற்சி மற்றொரு நாளில் நடக்கிறது. எனக்கு வேலை கூடியுள்ளது. கிண்ணம் குறையவும் கூடும். குறைந்தால் ஆசிரியர் கூட்டத்தில் எழுந்து பதில் சொல்ல ஆயத்தமாக இருக்கிறேன்.

அந்தத் தாயாரின் மகள் இன்றும் கடைசியாகத்தான் ஓடி முடிக்கிறாள். ஆனால், ஒரு வாரமும் அவள் வரத் தவறியதில்லை.

உங்கள் பள்ளித் திடலில் எத்தனை பிள்ளைகள் ஓடுகிறார்கள்? எண்ணிப் பாருங்கள், அன்பர்களே.