வழிப்போக்கர் வாங்குவது ஊரின் பெயரை



நம் தமிழ்நாட்டைச் சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் கோவிலையும் அருவியையும் மலையையும் பார்த்து மகிழ்கிறார்கள். ஆனால் திரும்பிப் போகும்போது கோபுரத்தைக் கையில் எடுத்துச் செல்ல முடியாது. எடுத்துச் செல்வது அரைக் கிலோ பால்கோவா, ஒரு டப்பா பஞ்சாமிர்தம், இரண்டு பாக்கெட் கடலைமிட்டாய், ஒரு கட்டு முறுக்கு. அதைத்தான் அக்கம்பக்கத்தாருக்குக் கொடுத்து, "இந்த ஊருக்குப் போய் வந்தோம்" என்கிறார்கள். அவர்களுடைய பயணம் முடிகிற இடம் நம் கடை வாசல்தான்.

கார்த்திகை பிறந்தால் ஆந்திரா, கர்நாடகாவிலிருந்து வரும் ஐயப்ப பக்தர்கள், தையில் பழனிக்குப் பாதயாத்திரை போகிறவர்கள், ஆனி ஆடியில் குற்றாலச் சாரலுக்கு வருகிறவர்கள் என்று ஆண்டு முழுவதும் வெளியூர்க் கூட்டம் நம்மைத் தேடி வருகிறது. விளம்பரம் செய்யாமல் வருகிற வியாபாரம் இது. ஊரின் பெயரே விளம்பரம்.

அந்தப் பெயருக்கு இன்று சட்டப் பாதுகாப்பும் உண்டு. 1999-இல் இயற்றப்பட்ட புவிசார் குறியீட்டுச் சட்டத்தின்படி, பழனி பஞ்சாமிர்தத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கும் 2019-இலும், கோவில்பட்டி கடலைமிட்டாய்க்கு 2020-இலும், மணப்பாறை முறுக்குக்கு 2023-இலும் குறியீடு கிடைத்தது. தமிழ்நாட்டில் கோவில் பிரசாதம் ஒன்று இக்குறியீட்டைப் பெற்றது பழனியில்தான் முதன்முறை. உரிய பகுதியில் உரிய முறையில் செய்யாத சரக்குக்கு இப்பெயரைச் சூட்டுவது மட்டுமல்ல, அப்படிப்பட்ட சரக்கை விற்பதும் குற்றம். விற்கிறவன் என்றால் அது நாம்தான் என்பதை மறக்கக் கூடாது.

நான் வெல்லமும் நிலக்கடலைப் பருப்பும் மொத்த வியாபாரம் செய்கிறவன். சில மாதங்களுக்கு முன் ஒருவர் என் கடைக்கு வந்தார். கடலைமிட்டாய் பாக்கெட் பண்ணித் தருவதாகவும், எந்த ஊர்ப் பெயர் கேட்டாலும் அந்த லேபிளை ஒட்டித் தருவதாகவும் சொன்னார். அசல் சரக்கைவிடக் கிலோவுக்குக் கணிசமான விலைக் குறைவு. மிட்டாயை உடைத்துப் பார்த்தேன். மட்டமான பருப்பு, சிக்கு வாடை. வேண்டாம் என்று அனுப்பிவிட்டேன். ஆனால் அந்த ஆள் வெறுங்கையோடு ஊர் திரும்பியிருப்பார் என்று நான் நம்பவில்லை. பேருந்து நிலையங்களில் தொங்கும் சரங்களைப் பார்த்தாலே தெரிகிறது.

"வருகிறவன் வழிப்போக்கன், மறுபடியும் நம் கடைக்கா வரப்போகிறான்?" என்று கேட்கும் நண்பர்கள் உண்டு. இந்தக் கேள்வியில்தான் ஆபத்து இருக்கிறது. உள்ளூர் வாடிக்கையாளர் சரக்கு சரியில்லை என்றால் மறுநாளே வந்து சண்டை போடுவார்; நாம் மாற்றிக் கொடுத்துச் சமாதானம் செய்யலாம். வழிப்போக்கர் திரும்பி வந்து சண்டை போடுவதில்லை. அவருக்கு நம் கடையின் பெயர்கூட நினைவிருக்காது. "அந்த ஊர்ச் சரக்கு இப்போது சரியில்லை" என்று நாலு பேரிடம் சொல்வார். ஒரு கடைக்காரர் செய்த தவறு ஊரிலுள்ள அத்தனை கடைக்கும் போய்ச் சேரும். ஊர் வாயை மூட உலைமூடி உண்டா?

பாலை மணிக்கணக்கில் சுண்டக் காய்ச்சிக் கிளறுகிறவர்களும், பதம் பார்த்து வெல்லப் பாகு இறக்குகிறவர்களும் இதில் முதலில் அடிபடுகிறார்கள். பாலைக் குறைத்து மாவைக் கூட்டியவனின் விலையோடு அவர்களால் போட்டி போட முடியாது. அவர்கள் அடுப்பை அணைத்துவிட்டால், பிறகு நாம் எந்தப் பெயரை வைத்து வியாபாரம் செய்வது?

செய்ய வேண்டியது பெரிய காரியம் அல்ல. பில் இல்லாத சரக்கைக் கொள்முதல் செய்யாதீர்கள். பாக்கெட்டில் தயாரிப்பாளரின் முழு முகவரியையும் தயாரித்த தேதியையும் பாருங்கள். மேலே ஓர் ஊரும் கீழே வேறு மாவட்டமும் இருந்தால் திருப்பி அனுப்புங்கள். பால்கோவா வாங்குகிறவர் எத்தனை நாள் பயணம் என்று கேட்டு, அதற்குத் தாங்குமா தாங்காதா என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். வேறு ஊரில் நல்ல முறையில் செய்த மிட்டாய் இருந்தால், அதை அந்த ஊரின் பெயராலேயே விற்போம். அதில் குறைவு ஒன்றுமில்லை. ஒவ்வொரு ஊர்ச் சங்கமும் தம் ஊரின் அசல் தயாரிப்பாளர்களின் பட்டியலை எழுதி உறுப்பினர் கடைகளில் மாட்டலாம்.

கிலோவுக்குச் சில ரூபாய் கூடுதல் லாபத்துக்காக ஊரின் பெயரை அடகு வைத்தால் முதலுக்கே மோசம். அந்த முதல் நாம் போட்டதல்ல, நம் முன்னோர் சேர்த்து வைத்துவிட்டுப் போனது. நம் பிள்ளைகள் கல்லாவில் உட்காரும்போதும் அது இருக்க வேண்டும்.