பிஸ்கட் காலை உணவாகாது

"கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் ஷிஃப்டுக்கு ஓடும் தாய்க்கு நேரமேது? பிள்ளைக்குப் பாலும் பிஸ்கட்டும்தான் வழி" என்று வாதிடுகிறார்கள். நேரமில்லை என்பது உண்மை. அதிலிருந்து நேரே பிஸ்கட்டுக்குத் தாவுவதுதான் தவறு.

பாக்கெட்டின் பின்புறத்தைப் படித்தால் தெரியும்: பெரும்பாலும் மைதா, சர்க்கரை, பாமாயில். ஓர் அவித்த முட்டையிலோ ஏறக்குறைய 6 கிராம் புரதம் இருக்கிறது. அது வேகும் பத்து நிமிடமும் அடுப்படியில் நிற்கத் தேவையில்லை. 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் உண்டு; இரவே கரைத்து வைத்த மாவு காலையில் கூழாகவோ தோசையாகவோ ஆகிவிடும். வாழைப்பழத்துக்கு அடுப்பே வேண்டாம். மாலைக்கு வேர்க்கடலை உருண்டை போதும். ஐந்து வயதுக்குட்பட்டவர்களுக்கு மட்டும் கடலையைப் பொடித்துச் சேர்க்க வேண்டும். முழுக்கடலை தொண்டையில் சிக்கும்.

எளிய சமையலில் சத்து கிடைக்காது என்போருக்கு, கும்மிடிப்பூண்டி இருக்கும் இதே மாவட்டத்தில் பதில் இருக்கிறது. முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் ஊரகப் பகுதி அரசு உதவிபெறும் பள்ளிகளுக்கு 2024 ஜூலை 15 அன்று விரிவாக்கப்பட்டது திருவள்ளூர் மாவட்டக் கீழச்சேரியில்தான். உப்புமா, கிச்சடி, பொங்கல், காய்கறி சாம்பார். பிள்ளைக்கு 50 கிராம் அரிசி அல்லது ரவை, 15 கிராம் பருப்பு. அவ்வளவே.

அந்தத் திட்டம் 1 முதல் 5-ஆம் வகுப்பு வரைக்கும்தான். மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு அங்கன்வாடியில் சத்துமாவு தரப்படுகிறது. அதைக் கேட்டு வாங்குவது பெற்றோரின் உரிமை.

நேரக்குறையைத் தாயின் கணக்கில் மட்டும் எழுதுவதும் அநியாயம். முட்டை அவிப்பதும் மாவு கரைப்பதும் தந்தையின் வேலையும்தான். சிப்காட் ஆலைகளில் வேலை செய்யும் தந்தையர் அதை இன்றிரவே தொடங்கட்டும்.